ஃபர்ஸ்ட் ஆங்கிளா, தேர்ட் ஆங்கிளா? டிராயிங்கை வைத்தே கண்டுபிடிப்பது எப்படி

டிராயிங் கைக்கு வந்ததும் நாம் முதலில் தேடுவது அளவுகளை. அப்புறம் மெட்டீரியல், டாலரன்ஸ், எத்தனை பீஸ் என்ற விவரம். எந்த ஆங்கிள் புரொஜெக்ஷன், அதாவது வியூக்களைத் தாளில் எந்த முறைப்படி அடுக்கியிருக்கிறார்கள் என்று பார்ப்பவர்கள் குறைவுதான். பார்க்காமல் விட்டாலும் பல நேரம் ஒன்றும் ஆவதில்லை, ஏனென்றால் புஷ், வாஷர், ஸ்பேசர் மாதிரி உருண்டையான ஜாப்பை எந்த ஆங்கிளில் வாசித்தாலும் அதே ஜாப்தான் கிடைக்கும். பிராக்கெட், ஹவுசிங், வளைத்த ஷீட் மெட்டல் என்று பக்கத்துக்குப் பக்கம் வித்தியாசம் உள்ள ஜாப் வரும்போதுதான் மாட்டிக்கொள்வோம். இன்ஸ்பெக்ஷன் ரிப்போர்ட்டில் எல்லா அளவும் ஓகே என்றிருக்கும், ஆனால் அசெம்பிளியில் உட்காராது. செய்து முடித்திருப்பது கேட்ட ஜாப்பின் கண்ணாடி பிம்பம். திருப்பிப் போட்டாலும் கவிழ்த்துப் போட்டாலும் அது சரியாகாது, ஸ்கிராப்தான்.

இதைத் தவிர்க்க மனப்பாடம் உதவாது என்பது என் கருத்து. "ஃபர்ஸ்ட் ஆங்கிளில் டாப் வியூ கீழே, தேர்ட் ஆங்கிளில் டாப் வியூ மேலே" என்று உருப்போட்டவர்கள் பரீட்சையில் பாஸ் ஆகிவிடுவார்கள். வலது சைடு வியூ எந்தப் பக்கம் வரும் என்று சட்டென்று கேட்டால் பாதிப் பேர் மேலே பார்ப்பார்கள். ஒரு அழிரப்பர், ஒரு சின்ன அட்டைப்பெட்டி, அப்புறம் விடுபட்ட கோடு (மறைந்த விளிம்பைக் காட்டும் துண்டு துண்டான கோடு) எது, முழுக்கோடு எது என்று பார்க்கும் பொறுமை, இவ்வளவு இருந்தால் எந்த டிராயிங்கையும் சோதித்துவிடலாம்.

வியூ மாறுவதில்லை, இடம்தான் மாறுகிறது

பலர் குழம்புவது இங்கேதான். ஃபர்ஸ்ட் ஆங்கிளில் ஒரு மாதிரி வரைவார்கள், தேர்ட் ஆங்கிளில் வேறு மாதிரி வரைவார்கள் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. ஒரு ஜாப்பை மேலிருந்து பார்த்தால் என்ன தெரியுமோ அதுதான் டாப் வியூ, ஃபர்ஸ்ட் ஆங்கிளானாலும் தேர்ட் ஆங்கிளானாலும் அந்தப் படத்தில் ஒரு கோடுகூட மாறாது. அந்தப் படத்தைத் தாளில் எங்கே வைக்கிறோம் என்பது மட்டும்தான் வித்தியாசம். ஃபர்ஸ்ட் ஆங்கிளில் ஃப்ரண்ட் வியூவுக்குக் கீழே வைப்பார்கள், தேர்ட் ஆங்கிளில் மேலே. வலது பக்கமிருந்து பார்த்த சைடு வியூவை ஃபர்ஸ்ட் ஆங்கிளில் ஃப்ரண்ட் வியூவுக்கு இடது பக்கம் வைப்பார்கள், தேர்ட் ஆங்கிளில் வலது பக்கமே வைப்பார்கள். ஆக, ஒரு ஆங்கிளில் இருப்பதை மற்றதற்கு மாற்ற வேண்டுமென்றால் வியூக்களைத் தூக்கி எதிர்ப்பக்கம் வைத்தால் போதும். யாராவது மிரர் கமாண்ட் போட ஆரம்பித்தால் கையைப் பிடித்து நிறுத்துங்கள்.

உருட்டு, விரி

ஓர் அழிரப்பரை எடுங்கள். அகலமான ஒரு பக்கத்தில் "மு" என்று பேனாவால் எழுதுங்கள், அது முன்பக்கம். அந்தப் பக்கம் உங்களைப் பார்த்தபடி நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு மேல்பக்கத்தில் "மே", வலதில் "வ", இடதில் "இ" என்று எழுதிக்கொள்ளுங்கள்.

இப்போது "மு" மேலே தெரியும்படி, "மே" உங்களுக்கு எதிர்த்திசையில் இருக்கும்படி, அதை ஒரு வெள்ளைத் தாளில் படுக்க வையுங்கள். அப்படியே வலது பக்கமாக ஒரு தடவை உருட்டுங்கள். என்ன தெரிகிறது? "இ" தெரியும். அதாவது ஃப்ரண்ட் வியூவுக்கு வலது பக்கத்தில் இடது பக்கக் காட்சி. மறுபடி பழைய இடத்துக்குக் கொண்டுவந்து, இந்தத் தடவை உங்களை நோக்கி உருட்டுங்கள். "மே" தெரியும். ஃப்ரண்ட் வியூவுக்குக் கீழே டாப் வியூ. இதுதான் ஃபர்ஸ்ட் ஆங்கிள். உருட்டினால் வருவது ஃபர்ஸ்ட் ஆங்கிள், அவ்வளவுதான் விஷயம்.

தேர்ட் ஆங்கிளுக்கு அட்டைப்பெட்டி. மருந்து டப்பா, பற்பசை டப்பா எதுவானாலும் சரி. அதே மாதிரி வெளிப்பக்கத்தில் மு, மே, வ, இ என்று எழுதுங்கள். பின்பக்கத்தை வெட்டி எடுத்துவிட்டு, "மு" மேலே தெரிய டேபிளில் வைத்து, மூலை விளிம்புகளைக் கத்தரித்து மற்ற பக்கங்களைச் சுற்றிலும் விரித்துவிடுங்கள். "வ" வலது பக்கம் விழும், "இ" இடது பக்கம் விழும், "மே" மேலே போகும். எந்தப் பக்கமோ அந்தப் பக்கத்திலேயே. இது தேர்ட் ஆங்கிள். விரித்தால் வருவது தேர்ட் ஆங்கிள்.

புதிதாக வேலைக்குச் சேர்ந்த பையன்களுக்குச் சொல்லித்தரும்போது நான் ஹெச்.பி. (ஹரிசான்டல் பிளேன்), வி.பி. (வெர்டிகல் பிளேன்) என்று ஆரம்பிப்பதே இல்லை, இந்த ரப்பர்தான். ஐந்து நிமிடம் கையில் வைத்து உருட்டிவிட்டால் அதற்கப்புறம் கேள்வி வராது.

சரி, ஃபர்ஸ்ட், தேர்ட் என்று எண் எங்கிருந்து வந்தது

கல்லூரியில் இன்ஜினியரிங் கிராஃபிக்ஸ் எழுதுபவர்களுக்கு இது கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும், ஷாப் ஃப்ளோரில் இருப்பவர்கள் வேண்டுமானால் தாண்டிப் போகலாம். நிமிர்ந்து நிற்கும் தளம் வி.பி., படுத்திருக்கும் தளம் ஹெச்.பி. இரண்டும் ஒன்றை ஒன்று வெட்டும் இடம் எக்ஸ்-ஒய் கோடு. இரண்டு தளமும் கோட்டுக்கு இரண்டு பக்கமும் நீளுவதால் நான்கு மூலைகள் கிடைக்கின்றன, அவைதான் நான்கு குவாட்ரன்ட். ஹெச்.பி.க்கு மேலே, வி.பி.க்கு முன்னால் இருப்பது முதலாவது. மேலே, ஆனால் வி.பி.க்குப் பின்னால் இரண்டாவது. கீழே, பின்னால் மூன்றாவது. கீழே, முன்னால் நான்காவது.

இரண்டு தளத்தையும் ஒரே தாளில் காட்ட ஹெச்.பி.யை எக்ஸ்-ஒய் கோட்டைச் சுற்றித் திருப்புகிறோம். எப்போதும் ஒரே திசையில்தான் திருப்ப வேண்டும்: அதன் முன்பாதி கீழே இறங்கும், பின்பாதி மேலே ஏறும். இந்த ஒரு விதியைப் பிடித்துக்கொண்டால் மீதி தானாக வரும். ஒரு புள்ளி ஹெச்.பி.க்கு 30 மி.மீ. மேலேயும் வி.பி.க்கு 20 மி.மீ. முன்னாலும் இருக்கிறது என்றால், அதன் ஃப்ரண்ட் வியூ எக்ஸ்-ஒய் கோட்டுக்கு 30 மேலே, டாப் வியூ 20 கீழே. அதே புள்ளி ஹெச்.பி.க்கு 30 கீழே, வி.பி.க்கு 20 பின்னால் போனால் ஃப்ரண்ட் வியூ 30 கீழே, டாப் வியூ 20 மேலே. இதுதான் மூன்றாவது குவாட்ரன்ட். இரண்டாவதில் பாருங்கள், புள்ளி மேலேயும் இருக்கிறது, பின்னாலும் இருக்கிறது, ஆகவே இரண்டு வியூவும் கோட்டுக்கு மேலேயே வந்து ஒன்றன் மேல் ஒன்று விழுகின்றன. நான்காவதில் இரண்டும் கீழே விழுகின்றன. ஒரு புள்ளி என்றால் சமாளிக்கலாம், ஒரு கியர்பாக்ஸ் ஹவுசிங்கின் இரண்டு வியூவை ஒன்றின் மேல் ஒன்று வரைந்தால் யாரால் வாசிக்க முடியும்? செகண்ட் ஆங்கிள், ஃபோர்த் ஆங்கிள் டிராயிங் என்று எதுவும் கண்ணில் படாததற்குக் காரணம் இதுதான்.

ஃபர்ஸ்ட் ஆங்கிளில் பார்ப்பவர், பொருள், தளம் என்பது வரிசை. பொருளைத் தாண்டிப் பின்னால் இருக்கும் தளத்தில் படம் விழுகிறது, அதனால்தான் இடமிருந்து பார்த்தது வலது பக்கம் போகிறது. தேர்ட் ஆங்கிளில் பார்ப்பவர், தளம், பொருள். தளத்தைக் கண்ணாடி என்று வைத்துக்கொண்டு அதன் வழியாகப் பார்ப்பதை அதிலேயே வரைகிறோம்.

இந்தக் கணக்கையெல்லாம் ஒழுங்குபடுத்தியவர் பிரான்ஸ் நாட்டின் கஸ்பார் மோன்ஜ். 1760-களில் மெசியேர் ராணுவப் பொறியியல் பள்ளியில் வேலை செய்தபோது, கோட்டைச் சுவரை எந்த உயரத்தில் எங்கே கட்டினால் எதிரியின் குண்டுக்கு மறைவாக இருக்கும் என்பதை நீளமான எண்கணக்கு இல்லாமல் வரைந்தே கண்டுபிடிக்க இந்த முறையைக் கொண்டுவந்தார். ராணுவம் அதைப் பல வருடம் ரகசியமாகவே வைத்திருந்தது. புரட்சிக்குப் பிறகு 1795-இல்தான் பாரிஸில் பொதுவில் பாடம் நடத்தினார். அவர் வழியில் வந்தது ஃபர்ஸ்ட் ஆங்கிள். அமெரிக்காவுக்கும் முதலில் போனது அதே பிரெஞ்சு முறைதான், 1816-இல் வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரிக்கு வந்த குளோடியஸ் குரோசே என்ற பிரெஞ்சுக்காரர் கற்றுக்கொடுத்தார். 19-ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் அமெரிக்கத் தொழிற்சாலைகள் தேர்ட் ஆங்கிளுக்கு மாறிவிட்டன. என்னைக் கேட்டால் மாறியது சரிதான். நீளமான ஜாப்பில் வலது முனையின் விவரத்தை வலது முனைக்குப் பக்கத்திலேயே பார்ப்பது எவ்வளவு வசதி! இரண்டு மீட்டர் ஜாப் ஒன்றின் வலது நுனியைப் பார்க்கத் தாளின் இடது கோடிக்குப் போக வேண்டியிருப்பது ஃபர்ஸ்ட் ஆங்கிளின் உண்மையான குறை. ஆனால் பழகிய நாடுகள் விடவில்லை, இரண்டும் இன்றுவரை நிலைத்துவிட்டன.

முதல் சோதனை: டைட்டில் பிளாக்

வலது கீழ் மூலையில் டைட்டில் பிளாக்குக்கு உள்ளேயோ பக்கத்திலேயோ ஒரு சின்னக் குறி இருக்கும். நுனி வெட்டிய கூம்பு ஒன்றின் இரண்டு வியூ அது. பக்கவாட்டில் பார்த்தால் தெரிகிற ட்ரெபீசியம் ஒன்று, ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு வட்டம் ஒன்று. இரண்டு வட்டமும் முழுக்கோட்டில் இருப்பதைக் கவனியுங்கள், அப்படியென்றால் கூம்பைச் சின்ன முனைப் பக்கமிருந்து பார்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம். பெரிய முனைப் பக்கமிருந்து பார்த்திருந்தால் உள் வட்டம் மறைந்து விடுபட்ட கோடாகியிருக்கும்.

இனி சுலபம். வட்டங்கள் ட்ரெபீசியத்தின் சின்ன முனைக்குப் பக்கத்தில் இருந்தால், எந்தப் பக்கமிருந்து பார்த்தோமோ அந்தப் பக்கத்திலேயே வைத்திருக்கிறார்கள்: தேர்ட் ஆங்கிள். வட்டங்கள் பெரிய முனைக்குப் பக்கத்தில் இருந்தால் எதிர்ப்பக்கம் தள்ளி வைத்திருக்கிறார்கள்: ஃபர்ஸ்ட் ஆங்கிள். "வட்டம் இடதா வலதா" என்று மனப்பாடம் செய்வதைவிட இது நம்பகமானது, குறியைத் திருப்பிப் போட்டு அச்சடித்திருந்தாலும் இந்த விதி மாறாது. பழைய டிராயிங்குகளில் குறிக்குப் பதில் மெத்தட் ஈ என்றோ மெத்தட் ஏ என்றோ எழுதியிருப்பதைப் பார்க்கலாம். ஈ என்றால் ஐரோப்பா, ஃபர்ஸ்ட் ஆங்கிள். ஏ என்றால் அமெரிக்கா, தேர்ட் ஆங்கிள்.

ஆனால் குறியை மட்டும் நம்பி வேலையை ஆரம்பிக்காதீர்கள். ஒரு கஸ்டமருக்குப் போட்ட டெம்ப்ளேட்டை இன்னொரு கஸ்டமர் டிராயிங்குக்குக் காப்பி செய்வது எல்லா டிசைன் ஆபீசிலும் நடப்பது. டெம்ப்ளேட்டில் அந்தக் குறி பல நேரம் வெறும் படமாக ஒட்டியிருக்கும். சாஃப்ட்வேரில் புரொஜெக்ஷனை மாற்றினால் வியூக்கள் இடம் மாறும், குறி அப்படியே இருக்கும். குறி ஒன்று சொல்லும், வியூ வேறு சொல்லும்.

இரண்டாவது சோதனை: விடுபட்ட கோடு

இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். ஓர் எல் வடிவ பிராக்கெட்டை எடுத்துக்கொள்வோம். அடித்தட்டு 80 நீளம், 50 அகலம், 10 கனம். இடது முனையில் 10 கனத்தில் ஒரு தட்டு நிமிர்ந்து நிற்கிறது, அடியிலிருந்து மொத்த உயரம் 50. அடித்தட்டில் 8 மி.மீ. துளை ஒன்று, இடது முனையிலிருந்து 60, முன்விளிம்பிலிருந்து 15.

ஃப்ரண்ட் வியூவில் எல் எழுத்து தெரிகிறது, நிற்கும் தட்டு இடது பக்கம். இதற்கு வலது பக்கத்தில் ஒரு சைடு வியூ வரைந்திருக்கிறார்கள், 50-க்கு 50 சதுரம். அதில் அடியிலிருந்து 10 உயரத்தில் ஒரு படுக்கைக் கோடு. அந்தக் கோடு முழுக்கோடா, விடுபட்ட கோடா?

வலது பக்கமிருந்து பார்த்தால் அடித்தட்டின் முனை முன்னால் இருக்கும், நிற்கும் தட்டு தூரத்தில் இருக்கும். அடித்தட்டின் மேல்விளிம்பு கண்ணுக்கு நன்றாகத் தெரியும், ஆகவே முழுக்கோடு. இடது பக்கமிருந்து பார்த்தால் நிற்கும் தட்டு அடித்தட்டை முழுக்க மறைத்துவிடும், அந்த விளிம்பு பின்னால் ஒளிந்திருக்கும், ஆகவே விடுபட்ட கோடு. இப்போது முடிவு செய்யலாம். வலது பக்கத்தில் வைத்த வியூவில் கோடு முழுசாக இருந்தால் அது வலமிருந்து பார்த்தது, தேர்ட் ஆங்கிள். விடுபட்டிருந்தால் இடமிருந்து பார்த்தது, ஃபர்ஸ்ட் ஆங்கிள். இப்போது வரும் நிறைய டிராயிங்கில் மறைகோடுகளையே போடுவதில்லை, அப்படியானால் கோடு இருக்கிறதா இல்லையா என்று பாருங்கள். வெறும் சதுரமாக இருந்தால் இடமிருந்து பார்த்தது என்று பொருள்.

துளையை வைத்து இதைக் கண்டுபிடிக்க முடியாது என்பதைக் கவனியுங்கள். 10 மி.மீ. பட்டைக்குள் துளை இரண்டு பக்கமிருந்தும் மறைந்துதான் இருக்கிறது, எந்த வியூவிலும் விடுபட்ட கோடுதான். சோதனைக்கு எடுத்துக்கொள்ளும் இடம் ஒரு பக்கமிருந்து தெரிவதாகவும் எதிர்ப்பக்கமிருந்து மறைவதாகவும் இருக்க வேண்டும். ஸ்டெப் (படி), ரிப் (தாங்கும் விலா), பாஸ் (உருண்டையான புடைப்பு), பாதி ஆழத் துளை, ஒரு பக்கக் கவுன்டர்போர் (துளை வாயில் போடும் அகலப் பள்ளம்), இப்படி ஏதாவது ஒன்று ஜாப்பில் கட்டாயம் இருக்கும். இருக்கவே இருக்காது என்றால், அநேகமாக ஆங்கிளே உங்களுக்குப் பிரச்சினை இல்லை.

தப்பாக வாசித்தால் என்ன ஆகும்

அதே பிராக்கெட்டை ஃபர்ஸ்ட் ஆங்கிளில் வரைந்திருக்கிறார்கள், நாம் தேர்ட் ஆங்கிள் என்று வாசிக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். ஃப்ரண்ட் வியூவுக்குக் கீழே 80-க்கு 50 செவ்வகம், அதில் துளை கீழ்விளிம்பிலிருந்து 15-இல். அது டாப் வியூ. ஆகவே கீழ்விளிம்பு ஜாப்பின் முன்விளிம்பு. நாமோ தேர்ட் ஆங்கிள் என்று நினைப்பதால் கீழே இருப்பதைப் பாட்டம் வியூ என்று எடுத்துக்கொள்கிறோம். பாட்டம் வியூவில் கீழ்விளிம்பு ஜாப்பின் பின்விளிம்பு. விளைவு, துளையைப் பின்விளிம்பிலிருந்து 15-இல் போட்டுவிடுவோம்.

சைடு வியூவைப் பார்த்தால் தவறு தெரிந்துவிடாதா? தெரியாது! வலது பக்கம் இருக்கும் சைடு வியூவில் துளை வலது விளிம்பிலிருந்து 15-இல் இருக்கும். இடமிருந்து பார்த்தது என்பதால் உண்மையில் அந்த வலது விளிம்பு முன்பக்கம். அதை வலமிருந்து பார்த்தது என்று வாசிப்பவருக்கு அது பின்பக்கம். அதாவது இரண்டு வியூவும் ஒரே தப்பை ஒற்றுமையாகச் சொல்லும். ஒரு வியூவை இன்னொரு வியூவோடு ஒப்பிட்டு "சரியாகத்தான் இருக்கிறது" என்று திருப்திப்பட்டுக்கொண்டு மெஷினை ஓட்டுவோம். காட்டிக்கொடுப்பது கோட்டின் வகை மட்டும்தான். கீழே இருக்கும் வியூவில் இடமிருந்து 10-இல் ஒரு முழுக்கோடு இருக்கிறது, நிற்கும் தட்டின் விளிம்பு. அது உண்மையிலேயே பாட்டம் வியூவாக இருந்திருந்தால் அடிப்பக்கம் சமமாக இருக்கும், அந்தக் கோடு மறைந்து போயிருக்கும்.

இதிலிருந்து ஒரு குறுக்கு விதி கிடைக்கிறது, நான் தினமும் பயன்படுத்துவது. தேர்ட் ஆங்கிளில் எந்தப் பக்க வியூவை எடுத்தாலும் ஃப்ரண்ட் வியூவுக்குக் கிட்டத்தில் இருக்கும் விளிம்பு ஜாப்பின் முன்பக்கம். ஃபர்ஸ்ட் ஆங்கிளில் தள்ளி இருக்கும் விளிம்பு முன்பக்கம். டாப், பாட்டம், இடது, வலது நான்குக்கும் இது பொருந்தும். தேர்ட் கிட்டே, ஃபர்ஸ்ட் எட்டே.

சமமான ஒரு பிளேட், அதில் ஊடுருவும் துளைகள் மட்டும் என்றால் கவலையில்லை. கண்ணாடி பிம்பமாக வெட்டினாலும் கவிழ்த்துப் போட்டால் அதே பிளேட். ஆனால் அதே பிளேட்டில் ஒரு பக்கம் கவுன்டர்சிங்க் (துளை வாயில் போடும் கூம்புப் பள்ளம்) சேர்ந்தாலோ, ஒரு விளிம்பை வளைக்கச் சொன்னாலோ கதை மாறிவிடும். ஷீட் மெட்டலில் இது அடிக்கடி நடக்கும், ஏனென்றால் லேசரில் வெட்டும்வரை எல்லாம் சரியாகவே இருக்கும், பிரெஸ் பிரேக்கில் (ஷீட்டை வளைக்கும் மெஷினில்) மேல்நோக்கி வளைக்க வேண்டியதைக் கீழ்நோக்கி வளைக்கும்போதுதான் இடது பிராக்கெட் வலது பிராக்கெட் ஆகும். வளைப்பதற்கு முன் கண்டுபிடித்தால் ஷீட்டைக் கவிழ்த்தால் போதும். வளைத்த பின் ஒன்றும் செய்ய முடியாது.

எந்த நாட்டு டிராயிங் எந்த ஆங்கிள்

ஐரோப்பிய நாடுகளும் சீனாவும் ஃபர்ஸ்ட் ஆங்கிள். அமெரிக்கா, கனடா, ஜப்பான், தென்கொரியா, ஆஸ்திரேலியா தேர்ட் ஆங்கிள். பிரிட்டன் இரண்டையும் ஏற்றுக்கொள்கிறது, ஐ.எஸ்.ஓ. தரமும் இரண்டையும் சமமாக அனுமதிக்கிறது. இந்தியாவில் பள்ளி கல்லூரிகளுக்காக இந்தியத் தர நிர்ணய அமைப்பு 1988-இல் வெளியிட்ட எஸ்.பி. 46 என்ற டிராயிங் கையேடு ஃபர்ஸ்ட் ஆங்கிளைத்தான் பின்பற்றுகிறது, நம் பாலிடெக்னிக், ஐ.டி.ஐ., பொறியியல் கல்லூரி எல்லாம் அதன்படிதான்.

படித்தது ஃபர்ஸ்ட் ஆங்கிள், வேலைக்குப் போனதும் கைக்கு வருவது பாதிக்குப் பாதி தேர்ட் ஆங்கிள் என்பதுதான் நம் ஊர் நிலைமை. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் கொரிய, ஜப்பானிய, ஜெர்மன் கம்பெனிகள் அடுத்தடுத்த கேட்டில் இருக்கின்றன. அவர்களுக்குப் பாகம் செய்து கொடுக்கும் அம்பத்தூர், கோயம்புத்தூர், ஓசூர் வெண்டர்களின் மேஜையில் ஒரே நாளில் இரண்டு வகையும் வரும். கம்பெனி எந்த நாடு என்று பார்த்து ஊகிப்பது ஆரம்பத்துக்குச் சரி, முடிவுக்கு ஆகாது. ஜப்பான் கம்பெனியின் பாகத்தை ஐரோப்பாவில் டிசைன் செய்திருக்கலாம், இங்கே ஒருவர் திரும்ப வரைந்திருக்கலாம்.

வரைபவர்களுக்குச் சில குறிப்புகள்

பரீட்சையில் ஐசோமெட்ரிக் படத்தை (மூன்று பக்கமும் சேர்ந்து தெரியும் படத்தை) கொடுத்து ஃப்ரண்ட், டாப், வலது சைடு வியூ வரையச் சொன்னால், ஃபர்ஸ்ட் ஆங்கிளில் சைடு வியூ இடது பக்கம் வரும். ஆகவே முதலிலேயே தாளில் இடது பக்கம் இடம் விட்டு ஃப்ரண்ட் வியூவை ஆரம்பியுங்கள். வழக்கமாக மூலையை ஒட்டி வரைய ஆரம்பித்துவிட்டு, கடைசியில் இடமில்லாமல் சைடு வியூவை வலது பக்கம் வைத்துவிட்டு வருகிறார்கள். டாப் வியூவிலிருந்து சைடு வியூவுக்கு அகலத்தைக் கடத்த 45 டிகிரி கோடு போடுவோமே, அது எப்போதும் டாப் வியூவும் சைடு வியூவும் சேரும் காலி மூலையில்தான் வரும். ஃபர்ஸ்ட் ஆங்கிளில் டாப் வியூ கீழே, சைடு வியூ இடது என்றால் அந்தக் கோடு இடது கீழ் மூலையில். தேர்ட் ஆங்கிளில் வலது சைடு வியூ என்றால் வலது மேல் மூலையில்.

சாலிட்வொர்க்ஸில் ஷீட்டின் ப்ராப்பர்ட்டீஸில் புரொஜெக்ஷன் வகை இருக்கிறது, வியூ வைப்பதற்கு முன்னாலேயே பார்த்துவிடுங்கள். ஃப்ரீகேடின் டெக்டிராவில் புரொஜெக்ஷன் குரூப் போடும்போதே கேட்கும். ஆட்டோகேடில் 3டி மாடலிலிருந்து வியூ எடுப்பதானால் வியூஎஸ்டிடி கமாண்டில் மாற்றலாம். வெறும் 2டியில் கோடு கோடாக வரைபவருக்கு சாஃப்ட்வேர் எந்த உதவியும் செய்யாது, எங்கே வைக்கிறீர்களோ அதுதான் ஆங்கிள்.

இடம் பற்றாமல் ஒரு வியூவை வேறெங்காவது வைக்க வேண்டியிருந்தால், ஃப்ரண்ட் வியூவின் பக்கத்தில் ஓர் அம்பும் எழுத்தும் போட்டு, தள்ளி வைத்த வியூவுக்கு மேலே அதே எழுத்தை எழுதுங்கள். ஐ.எஸ்.ஓ. இதை ஒரு தனி முறையாகவே ஏற்றுக்கொண்டிருக்கிறது. அம்பு பார்க்கும் திசையைக் காட்டிவிடுவதால் ஆங்கிள் பற்றிய கேள்வியே எழாது. செக்ஷன் வியூவும் இப்படித்தான், வெட்டுக் கோட்டின் இரண்டு முனையிலும் உள்ள அம்பு எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கம் பார்த்தபடி வரைந்தது. குறி இல்லாத டிராயிங்கில் ஒரு செக்ஷன் இருந்தால் அதையே சாட்சியாக எடுத்துக்கொள்ளலாம். ஏ4 தாளில் ஒரு மூலை காலியாக இருந்தால் அங்கே ஒரு சின்ன ஐசோமெட்ரிக் வியூ போட்டுவிடுங்கள். அளவு எதுவும் வேண்டாம். மெஷினில் நிற்பவர் அதை ஒரு பார்வை பார்த்தாலே போதும்.

சந்தேகம் வந்தால்

குறியும் கோடும் ஒத்துப்போகவில்லை என்றால் கஸ்டமரைக் கேளுங்கள், ஆனால் "இது ஃபர்ஸ்ட் ஆங்கிளா தேர்ட் ஆங்கிளா சார்" என்று போனில் கேட்காதீர்கள். எதிரில் இருப்பவர் பர்ச்சேஸில் இருப்பார், டைட்டில் பிளாக்கைப் பார்த்து அதில் இருப்பதையே திருப்பிச் சொல்வார். ஜாப்பை வைத்துக் கேளுங்கள்: "நிற்கும் தட்டு நம் இடது கை பக்கம் இருக்கும்படி வைத்தால், 8 மி.மீ. துளை நம்மை ஒட்டிய விளிம்பிலிருந்து 15-ஆ, எதிர்விளிம்பிலிருந்து 15-ஆ?" இதற்கு டிசைனில் இருப்பவர் மட்டும்தான் பதில் சொல்ல முடியும், அவரும் மாடலைத் திறந்து பார்த்துத்தான் சொல்வார். தெர்மாகோலிலோ அட்டையிலோ ஒன்று வெட்டி, துளை போட்டு, போட்டோ எடுத்து அனுப்பினால் இன்னும் நல்லது. பதில் வாட்ஸ்அப்பில் வந்தாலும் சரி, குறியைத் திருத்தி அடுத்த ரிவிஷன் எண்ணோடு டிராயிங்காக அனுப்பச் சொல்லுங்கள், அது வரும்வரை முதல் பீஸுக்கு மேல் ஓட்ட வேண்டாம். பழைய ரிவிஷன் பிரின்ட் மெஷின் பக்கத்தில் ஒட்டியிருந்தால் அதைக் கிழித்துவிடுங்கள், இல்லாவிட்டால் நைட் ஷிஃப்ட்காரர் அதைப் பார்த்தே ஓட்டிவிடுவார்.